யாளியின் எதிரே தும்பை

மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்று அரை நாள் வேலைதான். அந்த அரை நாளைத் தள்ளுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்டாள்.

"இதையே மூணாவது தடவையாக் கேக்கறியேம்மா. நீ இன்னும் வில்லையை மாத்தவே இல்லை," என்றார் அவர்.

கையைப் பார்த்தாள். மாற்ற வேண்டிய வில்லை விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது.

அவள் மனம் கடையில் இல்லை. கடலில் இருந்தது. நடுக்கடலில் இரும்புக் கால்களில் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடையில், வெல்டராக வேலை பார்க்கும் கணவனிடம் இருந்தது.

"வேலையை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கலாம்னு இருக்கேன்" என்று அவன் தொலைபேசியில் சொல்லி ஒரு மாதம் ஆகப் போகிறது. "உங்க இஷ்டம்" என்று அவள் சொன்னாள். சொன்னது இரண்டு வார்த்தை. சொன்ன விதத்தில் ஒரு மகாபாரதம் இருந்தது. அது அவனுக்குப் புரியவில்லையா, புரிந்தும் புரியாதது போல் இருந்துவிட்டானா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்று இரண்டு செய்திகள் மட்டும் கடமைக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

நாளைக் காலை மேடைக்குப் படகு வருகிறது. கையெழுத்துப் போட வேண்டிய தாள் அதில் வருகிறது. போட்டுவிட்டால் இரண்டு வருடம். போடாவிட்டால் அதே படகில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

'வந்துடுங்க' என்று சொல்ல அவளுக்கு ஆசை. ஆனால் தொலைபேசியைக் கையில் எடுத்தால் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. எழுதிப் பார்த்தாள். ஒரு முறை படித்தால் கெஞ்சுவது போல இருந்தது, மறுமுறை படித்தால் திட்டுவது போல இருந்தது. எழுதியதை அழித்துவிட்டாள்.

அதனால்தான் இன்று மதியம் அவள் ஒரு யாளியைக் கொல்லப் போகிறாள்.

*

இந்த யோசனை அவளுடையது அல்ல, நாத்தனாருடையது.

நாத்தனாருக்கு வீட்டில் பட்டாணி என்று பெயர். டப்பாவில் போட்டுக் குலுக்கிய பட்டாணி போல ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்று சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர். இப்போது ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அங்கே எப்படி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாளோ, அது அந்த டாக்டருக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு வாரத்துக்கு முன் பட்டாணிதான் ஆரம்பித்தாள். "அண்ணி, அண்ணன் குரலைக் கேக்கணும்னா போன்ல கேக்க முடியாது. அவர் வாயைத் திறக்கற இடமே வேற."

"எந்த இடம்?"

"மேகக்கோட்டை."

அது இணையத்தில் ஆடும் ஒரு விளையாட்டு. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் ஆளுக்கொரு வேடம் பூண்டு ஒரே மாய தேசத்தில் ஒரே நேரத்தில் உலவுகிறார்கள். வாள் வீசுகிறார்கள், மந்திரம் போடுகிறார்கள், படை சேர்த்துக்கொண்டு பெரிய பெரிய மிருகங்களோடு மோதுகிறார்கள். அண்ணனும் தங்கையும் பல வருடமாக அதில் இருக்கிறார்கள். கடல் மேடைக்குப் போன பிறகும் அவன் அங்கிருந்தே ஆடுகிறான். கணவன் கணினியில் ஏதோ விளையாடுவான் என்று அவளுக்கும் தெரியும். சீட்டாட்டம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தாள்.

பட்டாணிக்கு அதில் இரண்டு வேடம். வில்லாளி ஒன்று. சும்மா கிடந்த வைத்தியர் வேடம் ஒன்று. அந்த வைத்தியரைத்தான் அண்ணிக்குத் தூக்கிக் கொடுத்தாள். பெயர் தும்பை. வெள்ளை அங்கி, கையில் ஒரு கோல். சண்டையில் அடிபடுகிறவர்களை மந்திரம் போட்டுக் குணமாக்குவது தும்பையின் வேலை.

முதல் நாள் தும்பை ஒரு பாலத்திலிருந்து விழுந்து செத்தாள். ஆவியாக நடந்து போய்த் தன் உடம்பைத் தேடிப் பிடித்து எழுந்தாள். எழுந்து நாலடி வைத்து, அதே பாலத்திலிருந்து மறுபடியும் விழுந்தாள்.

இரண்டாம் நாள் ஓநாய்ப் பல் கொண்டுவரச் சொல்லி ஒரு கிழவி அனுப்பினாள்.

"பட்டாணி, இது என்ன அநியாயம். அத்தனை ஓநாயைக் கொன்னாச்சு, ஒண்ணே ஒண்ணுக்குத்தான் பல்லு இருக்கு. பாக்கியெல்லாம் என்னத்தை வெச்சு என்னைக் கடிச்சுது?"

"அதைக் கேக்காதீங்க அண்ணி. பல வருஷமா எல்லாரும் கேட்டாச்சு. எங்க டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்."

மூலிகை பறிக்கக் குனிந்தால் எங்கிருந்தோ ஒருவன் குதிரையில் வந்து பறித்துக்கொண்டு, கையையும் ஆட்டிவிட்டுப் போனான். பை நிறைந்துவிட்டது என்று எதையோ விற்றால், அது தொலைத்தால் திரும்பக் கிடைக்காத மோதிரமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, நிஜ முகம் தெரியாத அந்தக் குதிரைக்காரனை அவள் வைத வசவுக்கு அளவில்லை.

பட்டாணி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். "தரையில சிவப்பு வட்டம் தெரிஞ்சா யோசிக்காதீங்க, முதல்ல நகருங்க. ஓடிகிட்டே மந்திரம் போட முடியாது, நின்னுதான் போடணும். நீலக் கோடு தீர்ந்துச்சுன்னா மந்திரம் வராது, அதனால சின்னக் காயத்துக்குப் பெரிய மந்திரத்தை வீணாக்காதீங்க. அப்புறம் முக்கியமா ஒண்ணு. ஒரே ஆளுக்கு அள்ளி அள்ளிக் கொட்டாதீங்க. எந்த வைத்தியர் ரொம்ப மும்முரமா இருக்காரோ, மிருகம் அவரைத்தான் தேடி வரும்."

"மிருகத்துக்கு அவ்வளவு விவரமா?"

"நம்மளைவிட விவரம்."

அலுத்துப்போய் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள், வழி தவறி, ஒரு குன்றின் உச்சிக்குப் போய்விட்டாள். கீழே மேகம் கடல் போல அசைந்துகொண்டிருந்தது. மேகத்துக்கு நடுவே கோட்டைகளின் உச்சிகள் மட்டும் தீவுகளாகத் தெரிந்தன. சூரியன் எழும்ப எழும்ப ஒவ்வொரு கோபுரமாகப் பொன்னாக மாறிக்கொண்டே வந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

இப்படி ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொண்டா இந்த மனுஷன் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டார், என்று நினைத்துக்கொண்டாள்.

*

மதியம் கதவைச் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். கணவனின் பழைய கணினி முன் அவள். சாப்பாட்டு மேசையில் தன் மடிக்கணினியோடு பட்டாணி.

"இன்னிக்கு நம்ம படை மொத்தமும் யாளி மலைக்குப் போகுது. நாப்பது பேர். போன மாசத்துலேருந்து அதை அடிக்கப் பாக்கறோம், முடியலை. வழக்கமா வர்ற வைத்தியர் ஊர்ல இல்லை. அதனால தும்பைக்கு இடம் இருக்கு."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தும்பையை என் கூட்டாளி ஒருத்தி ஆடறான்னு சொல்லி வெச்சிருக்கேன். அண்ணன்தான் கேடயக்காரர், படைக்கும் அவர்தான் தலைவர். மிருகத்துக்கு எதிர்ல அவர் நிப்பார், அடியெல்லாம் அவர் வாங்குவார். அங்க எல்லாரும் அவரை மேஸ்திரின்னுதான் கூப்பிடுவாங்க."

"சண்டை முடிஞ்சதும்?"

"எல்லாரும் கலைஞ்சதும் நான் அவரை நிறுத்தி வைக்கறேன். நீங்க பேசுங்க. அதுவரைக்கும் பேசற பொத்தானைத் தொடாதீங்க. தொட்டா நாப்பது பேருக்கும் கேக்கும்."

அவள் காதில் ஒலிவாங்கியோடு கூடிய கருவியை மாட்டிக்கொண்டாள். யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இருமல், சிரிப்பு, எவர் வீட்டிலோ குக்கர் விசில். பிறகு அந்தக் குரல் வந்தது.

"எல்லாரும் வந்தாச்சா? தண்ணி கிண்ணி குடிக்கணும்னா இப்பவே குடிச்சுடுங்க."

ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்கிறாள். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பட்டாணி திரும்பிப் பார்த்தாள். அவள் ஒன்றும் இல்லை என்று கையாட்டினாள்.

மேஸ்திரி பேசினான். பேசிக்கொண்டே இருந்தான். யார் எங்கே நிற்க வேண்டும், யாளி தும்பிக்கையைத் தூக்கினால் என்ன செய்ய வேண்டும், அது குளிர்மூச்சு விட்டால் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும், எல்லாம் சொன்னான். புதிதாக வந்த ஒருவன் அதையே திரும்பக் கேட்டான். கொஞ்சமும் அலுக்காமல் அதையே திரும்பச் சொன்னான்.

அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டில் 'ம்', 'சரி', 'வெச்சிடு' என்ற மூன்று சொல்லில் குடும்பம் நடத்திய மனிதன் இவன்.

"தும்பைன்னு புதுசா ஒருத்தர் வந்திருக்கீங்களே, பயப்படாதீங்க. தப்புப் பண்ணினா தப்பில்லை. விழுந்தா சேர்ந்து எந்திரிப்போம்," என்றான்.

தன்னை அவன் 'நீங்க' என்று அழைத்ததில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

சண்டை ஆரம்பித்தது. வைத்தியருக்குச் சண்டை தெரியாது. திரையின் ஓரத்தில் நாற்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு. அடிபட்டால் கோடு குறையும். குறைந்தால் மந்திரம் போட்டு ஏற்ற வேண்டும். கண் அந்தக் கோடுகளை விட்டு நகரக் கூடாது.

அவள் கண் ஒரே கோட்டில் நின்றது.

மேஸ்திரியின் கோடு சற்றுக் குறைந்தால் போதும், அவள் விரல் பறந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தது, பெரிய மந்திரம். குறையவே இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பெரிய மந்திரம். மற்றப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன. அது அவள் கண்ணில் படவே இல்லை.

"அண்ணி, மத்தவங்களையும் பாருங்க," என்று பட்டாணி மேசையிலிருந்து பதறினாள்.

அதற்குள் திரை ஒரு குலுக்குக் குலுங்கியது. ஏதோ ஒரு பெரிய நிழல் தும்பையின் மேல் விழுந்தது. அடுத்த நொடி தும்பை தரையில் கிடந்தாள். எல்லோரும் கிடந்தார்கள். மேஸ்திரி ஒருவன் மட்டும் உடம்பில் கீறல்கூட இல்லாமல், பனியில் தனியாக நின்றுகொண்டிருந்தான். பிறகு அவனையும் யாளி தட்டிப் போட்டுவிட்டுப் போனது.

"வைத்தியர் தூங்கிட்டாரா?" என்றது ஒரு குரல்.

"தூங்கலைப்பா, மேஸ்திரிக்கு மட்டும் விருந்து வெச்சாங்க," என்றது இன்னொன்று. எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிடலாமா என்றிருந்தது.

"விடுங்க. முதல் தடவை நான் யாளியைப் பாத்துட்டுத் திரும்பி ஓடினவன்," என்றான் அவன். "தும்பை, கேக்குதா? நீங்க என்மேல வெச்சிருக்கிற அக்கறைக்கு நன்றி. ஆனா நான் இரும்புச் சட்டை போட்டிருக்கேன், சீக்கிரம் விழமாட்டேன். என்னை அப்பப்ப பாத்தாப் போதும். வில்லாளிங்களுக்கு ஒரு துணிதான். அவங்களைப் பாருங்க. கோடு பாதிக்குக் கீழ போனா பதறுங்க, அதுக்கு மேல இருந்தா விடுங்க. நீங்க பதறாம இருந்தாத்தான் நாங்க பதறாம இருப்போம். சரியா?"

அவள் 'சரி' என்று தட்டினாள்.

'நீங்க பதறாம இருந்தாத்தான்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை, கல்யாணமான இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் சொன்னதில்லை.

*

இரண்டாம் முறை அவளுக்குக் கை வந்துவிட்டது. வில்லையை மாற்றி மாற்றிப் போடும் விரல்தானே. பட்டாணியின் கோட்டை ஏற்றினாள், பெயர் தெரியாத வாள்காரனைத் தூக்கினாள், குக்கர் விசில்காரரைக் காப்பாற்றினாள். மேஸ்திரியை அவன் சொன்னபடி அப்பப்பதான் பார்த்தாள். அது எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"நல்லா பண்றீங்க தும்பை," என்றான் அவன், நடுச் சண்டையில். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி சற்று உயர்ந்தது போல இருந்தது.

யாளி களைத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்போது தரையில் ஒரு சிவப்பு வளையம் விரிந்தது. அவனுக்கும் வாள்காரர்களுக்கும் பின்னால், அவர்கள் பார்க்க முடியாத பக்கத்திலிருந்து, அரை மலையையே சுற்றி வருவது போல ஏதோ ஒன்று வீசிக்கொண்டு வந்தது.

அவள் யோசிக்கவில்லை. விரல் தானாகப் போய் அந்தப் பொத்தானை அழுத்தியது.

"ஏங்க, பின்னாடி."

நடந்தது இதுதான். படையில் இருந்த கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும், ஒரே ஒருத்தரைத் தவிர, சட்டென்று திரும்பி நகர்ந்துவிட்டார்கள். யாளியின் வால் அவர்கள் நின்ற இடத்தை வெறுமனே பெருக்கிக்கொண்டு போனது.

நகராமல் நின்றவன் ஒருவன்தான். எத்தனை மிருகத்துக்கு முன்னாலும் கை தடுமாறாத மேஸ்திரி. அந்தக் குரலைக் கேட்டதும் அவன் விரல்கள் விசைப்பலகையில் உறைந்துவிட்டன. வால் அவனைத் தூக்கிப் பாறைமேல் அறைந்தது. அவன் கோடு ஒரே வீச்சில் காலியானது. பெயர் சாம்பலாகியது.

"யார் அது 'ஏங்க'ன்னது? என் வீட்டுக்காரின்னு நெனச்சு எந்திரிச்சே நின்னுட்டேன்," என்றார் குக்கர்க்காரர்.

"நான் சமையலறைக்கே போயிட்டேன்," என்றது இன்னொரு குரல். "அவங்க என்னடான்னா, நான் கூப்பிடவே இல்லையேங்கறாங்க."

"பேச்சு அப்புறம்," என்று பட்டாணி அதட்டினாள். "தும்பை, எழுப்பற மந்திரம். ஒரு தடவைதான் வரும். போடுங்க."

செத்தவரை எழுப்பும் மந்திரம் நீளமானது. போட்டு முடிக்கும்வரை நகரக் கூடாது. நகர்ந்தால் கலைந்துவிடும். விழுந்து கிடந்தவன் யாளியின் காலடியில் கிடந்தான். அங்கே போய்த்தான் நிற்க வேண்டும்.

தும்பை நடந்தாள். வெள்ளை அங்கி பனிக்காற்றில் படபடத்தது. அவன் பக்கத்தில் நின்று கோலைத் தூக்கினாள். மந்திரம் ஓடத் தொடங்கியது. இனி அவள் விரலுக்கு வேலை இல்லை. கோடுகளைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

கண்ணை நிமிர்த்தினாள். அப்போதுதான் யாளியைப் பார்த்தாள்.

இத்தனை நேரம் எதிரே இருந்ததை மலை என்றே அவள் நினைத்திருந்தாள். அது மலை இல்லை. மலைச்சரிவு என்று நினைத்தது அதன் தோள். சரிவில் உறைந்திருந்த அருவிகள் அதன் பிடரி மயிர். ஒவ்வொரு இழையிலும் வெளிச்சம் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. தந்தங்களுக்கு நடுவே மேகம் நுழைந்து மறுபக்கம் வந்தது. சிங்க முகத்தில் ஒரு கண், அவள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிய கண், மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது. தேன் நிறக் கருவிழிக்குள், கோலைத் தூக்கி நிற்கும் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி. அது தான்தான் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

நாள்தோறும் எத்தனையோ கண்களைக் கருவியில் வைத்துப் பார்க்கிறவள் அவள். அப்படி ஒரு கண் தன்னைப் பார்த்து அவள் பார்த்ததில்லை.

பயம் வர வேண்டிய இடம். வரவில்லை. கோயில் கதவு திறக்கும்போது மனம் ஒரு கணம் காலியாகுமே, அப்படி ஆனது. இதன் எதிரேதான் இந்த மனிதன் நாளுக்கு நாள் நிற்கிறானா? ஊர் பேர் தெரியாத நாற்பது பேருக்காக, இதன் எதிரே, முதல் ஆளாக?

"வைத்தியரைச் சுத்தி நில்லுங்க," என்று யாரோ கத்தினார்கள். கத்தியவர்கள் பாய்ந்து வந்து அவளைச் சுற்றி வளையமாக நின்றார்கள். யாளி காலைத் தூக்கியது. ஒருவர் விழுந்தார். இன்னொருவர் அந்த இடத்தில் வந்து நின்றார். பட்டாணியின் வில்லாளி விழுந்தாள். குக்கர்க்காரர் அந்த இடத்துக்கு வந்தார். பெயரும் முகமும் தெரியாதவர்கள், கொஞ்ச நேரத்துக்கு முன் அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவள் கையை அசைக்காமல் இருப்பதற்காக ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள்.

மந்திரம் முடிந்தது. தரையிலிருந்து ஒரு வெளிச்சம் எழுந்தது. இரும்புச் சட்டைக்காரன் முழங்காலை ஊன்றி எழுந்து நின்றான்.

காதில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "நீயா," என்றான்.

"ம்," என்றாள்.

"என் பின்னாடி நில்லு."

அவ்வளவுதான். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். அதற்குப் பிறகு அவன் சண்டை போட்டதை அந்தப் படையில் இருந்தவர்கள் வெகு நாள் பேசுவார்கள். யாளி முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு சாய்ந்தபோது மலை முழுக்கப் பனி எழும்பி, வெயிலில் பொடிப் பொடியாக மின்னிக்கொண்டு, நெடுநேரம் கீழே இறங்காமல் அந்தரத்திலேயே நின்றது.

*

ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். "வர்றோம் மேஸ்திரி. அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க," என்றார் குக்கர்க்காரர். எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டிருந்தது. பட்டாணி மடிக்கணினியை மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் கடைக்குப் போறேன்," என்று எந்தக் கடை என்று சொல்லாமல் வெளியே போனாள்.

பனியில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"எத்தனை நாளா இங்க இருக்கே?" என்று கேட்டான்.

"ரெண்டு வாரமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா தும்பைகிட்டப் பேசின மாதிரி என்கிட்டப் பேசியிருப்பீங்களா?"

இரும்புச் சட்டைக்காரன் பனியில் மெல்ல உட்கார்ந்தான். தும்பையும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க எல்லார் பேருக்குப் பக்கத்துலயும் கோடு இருக்கு," என்றான் அவன். "யாருக்கு எவ்வளவு அடி பட்டிருக்குன்னு யாரும் சொல்ல வேணாம், தெரிஞ்சிடுது. வீட்டுல நீ எப்பவும் சிரிச்ச முகமா இருப்பே. அதனால நல்லாத்தான் இருக்கேன்னு எடுத்துக்கிட்டேன்."

"கடையில நாள் பூரா சிரிச்சு நிக்கறவ நான். வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழட்டி வைக்க முடியுமா?"

"நான் அங்க இருந்தாலும் இல்லாட்டியும் உனக்கு ஒண்ணுதான்னு நெனச்சேன். அதான் ரெண்டு வருஷம்னு சொன்னேன். நீயும் இஷ்டம்னுட்டே."

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எதை முன்னால் விடுவது என்று தெரியவில்லை.

"இப்ப எவ்வளவு இருக்கு?" என்றான்.

"எது?"

"உன் கோடு."

நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. மலையளவு கண்ணுக்கு எதிரே நின்றுவிட்டு வந்தவளுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"ரொம்பக் குறைஞ்சு போச்சுங்க," என்றாள். "நீங்க போன நாள்லேருந்தே குறைஞ்சுகிட்டுதான் இருக்கு. வந்துடுங்க."

சொல்லிவிட்டாள். ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. கெஞ்சல் போலவும் இல்லை, திட்டு போலவும் இல்லை.

"கையெழுத்துப் போடமாட்டேன். பெட்டியை இப்பவே கட்டிடறேன். காலையில படகு வந்ததும் ஏறிடுவேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. படகு வரணும், அவ்வளவுதான்."

"வராம எங்க போகும்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் காதுக்குள் ஓர் உறுமல் கேட்டது. ஆழத்திலிருந்து புறப்பட்டு, எழும்பி, எதன் மேலோ மோதி உடைந்து, மறுபடியும் எழும்புகிற உறுமல். யாளி எழுந்துவிட்டதோ என்று சட்டென்று திரையைப் பார்த்தாள். அது பனிக்குள் அசையாமல் கிடந்தது. விளையாட்டின் ஒலியைக் குறைத்தாள். உறுமல் குறையவில்லை.

"ஏங்க, அது என்ன சத்தம்?"

"மதியத்துலேருந்து இப்படித்தான் இருக்கு," என்றான் அவன். "கடல்."